தூசியைத் திருப்பிக் கொடுத்தவர்

“அரியலூர். முன் ரூம். மாசி. காத்தாடியிலயும் தகட்டுலயும் எடுத்தது.”

விரல் நீளத்துக்கு மடித்த செய்தித்தாள் பொட்டலம் ஒன்றின் மேல் நீலப் பேனாவில் இப்படி எழுதியிருக்கிறது. மாதம் உண்டு, ஆண்டு இல்லை. மடிப்பின் உள்பக்கம் ஒரு கல்லூரி விளம்பரத்தின் கால்வாசி தெரிகிறது. அதில் மாணவர் சேர்க்கை 2022 என்று இருப்பதால் பொட்டலம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. தாளை மட்டும் வைத்துப் பார்ப்பவர் அதற்கு மேல் எதுவும் சொல்ல இயலாது. பழைய தாளில் புதுப் பொருளைக் கட்டுவது எல்லோருக்கும் வழக்கம். தாளின் தேதி உள்ளே இருப்பதன் தேதி ஆகாது. நான் கையால் வாங்கியவன் என்பதால் எனக்கு ஆண்டு தெரியும். 2023.

எழுதியவர் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருந்த பெண்மணி. அவருக்குப் பெயர் உண்டு. இதை அவர் படிக்க நேர்ந்தால் சங்கடப்படுவார் என்பதால் எழுதவில்லை. எதிர்ச்சாரியில் இருக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான் பில் போடுகிறவன். என் மேசையிலிருந்து பார்த்தால் அவருடைய முதுகு தெரியும். சேலைக்கு மேல் ஆண்கள் அணியும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கயிறு கட்டிய கண்ணாடி. கரும்பு வெட்டப் போகிறவர்போல உடுத்திக்கொண்டு அவர் செய்தது டிவி, மிக்ஸி, கேம் பெட்டி ரிப்பேர். அதிலும் மற்றவர்கள் தொட மறுக்கும் பழைய கேம் பெட்டிகள் அவரிடம்தான் வரும்.

பழைய கேம் பெட்டிக்குப் பெரும்பாலும் ஒரே நோய்தான். உள்ளே ஒரு சிப் கொதிக்கும். அதன் மேல் வரிவரியாகத் தகடு வைத்த உலோகப் பாளம் உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே வெள்ளைப் பசை, பக்கத்தில் ஒரு காத்தாடி. காத்தாடி அறையின் காற்றை இழுத்துத் தகடுகளுக்குள் ஊதும். காற்றோடு வருவதெல்லாம் அங்கே படியும். பசை காய்ந்து சுண்ணாம்பாகும். பிறகு காத்தாடி மாவு மில் மாதிரி இரையும், சிவப்பு விளக்கு சிமிட்டும், பெட்டி தானாக அணைந்துபோகும். சிப்பின் மேல் சூடான காற்றை அடித்துக் கொஞ்ச நாளைக்கு ஓடவைத்து அனுப்புகிற கடைகள் உண்டு. “பொணத்துக்குப் பவுடர் போடுற வேல அது” என்பார் இவர். இவர் முழுக்கக் கழற்றுவார். பழைய பசையைச் சுரண்டுவார், பெயிண்ட் பிரஷ்ஷால் தகடு தகடாகக் கூட்டுவார், புதுப் பசை தடவிப் பூட்டுவார்.

இதுவரை வேலை. இதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் நான் வேறு எங்கும் கண்டதில்லை. கூட்டிய தூசியை ஒரு துணுக்குக் கூடச் சிந்தாமல் தாளில் எடுத்து, கோயில் விபூதி மாதிரி மடித்து, ஊர் பெயரும் அறையும் மாதமும் எழுதி, பெட்டியோடு சேர்த்து உடைமைக்காரர் கையில் கொடுப்பார்.

“என்னம்மா இது?”

“உங்க வூட்டுது. எங்கிட்ட இருக்கக் கூடாது.”

பலர் சிரித்துவிட்டுத் தெருமுனையில் எறிந்துவிட்டுப் போவார்கள். எறிவதை அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். கொடுப்பது அவர் கடமை, எறிவது அவர்கள் இஷ்டம்.

ஏன் என்று கேட்டேன். அப்பா பாடாலூர்ப் பக்கம் நெல் மில்லில் வேலை பார்த்தவராம். “எங்க மில்லுல நெல்லு கொண்டாந்தவங்களுக்குத்தான் தவிடு. ஒரு படி தவிட்ட நாங்க வச்சுக்கிட்டாக்கூட ஊரு பேசும். அரைக்கிறது நம்ம வேல. அதுலேருந்து வுழுவுறது எல்லாம் அவங்களுது.” இது முதல் விளக்கம். இரண்டாவது ஒன்று பிற்பாடு கிடைத்தது. இரண்டில் எது சரி என்று இன்றும் என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை.

கொடுப்பதோடு விட்டிருந்தால் தொல்லை இல்லை. உள்ளே இருந்ததைச் சொல்லாமலும் அவரால் இருக்க முடியாது. கல்லூரிப் பிள்ளைகள் வந்து விளையாடும் கேம் சென்டர் ஒன்று அப்போது ஊரில் இருந்தது. அதன் உரிமையாளர் வெளியூர் போயிருந்ததால் மனைவி பெட்டியை வாங்க வந்தார். இவர் பொட்டலத்தைக் கொடுத்து, “பாதிக்கு மேல சிகரெட் கரி. பசங்களோடது மட்டும் இல்ல போலருக்கு. ஓனர் சீட்டுக்குப் பக்கத்துல இருக்கற பொட்டியிலதான் ஜாஸ்தி” என்றார். மறுநாள் உரிமையாளர் கடை வாசலில் வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

“ஏங்க்கா, பொட்டியப் பாருன்னா குடும்பத்தப் பாத்துட்டியே! நான் விட்டுட்டேன்னு புள்ள தலையில அடிச்சு சத்தியம் பண்ணிருக்கேன்.”

“புள்ள தலையிலயா? அப்ப நல்லதுதான் பண்ணிருக்கேன். எடத்தக் காலி பண்ணு.”

இன்னொரு முறை, துறைமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தாய் பொட்டலத்தைத் துடைப்பக் குச்சியின் நுனியில் தூக்கிக்கொண்டு வந்தார். மகனின் பையில் கிடைத்ததாம். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று விசாரித்து, வைத்த இடத்துக்கே வந்துவிட்டார்.

“எம்புள்ள பையில மந்திரிச்ச மண்ண வச்சு அனுப்பிருக்கியே, நீ வெளங்குவியா?”

இவர் அமைதியாகப் பொட்டலத்தைப் பிரித்தார். “பாருங்கம்மா. இது உங்க வூட்டு சாம்பிராணிப் புகை. இது போர்வப் பஞ்சு. இது உங்க தலைமுடி. இதுல எம்பங்கு ஒண்ணுமே இல்ல.”

“அய்யய்யோ, முடி வேற வச்சிருக்கா!”

தெருவே கூடிவிட்டது. கடைசியில் கற்பூரம் வாங்கி வந்து நடுத்தெருவில் பொட்டலத்தைக் கொளுத்தினால்தான் போவேன் என்றார் அந்த அம்மாள். இவரும் சரியென்று கொளுத்தினார். எரிந்து முடிந்ததும் குனிந்து, சாம்பலைத் தாளில் அள்ளி மடித்து, “இந்தாங்க” என்று நீட்டினார். அந்த அம்மாள் ஓடிய வேகத்தை எங்கள் லேப் டெக்னீஷியன் இன்றும் நடித்துக் காட்டுவார்.

இவ்வளவுதான் அவர் என்றால் இதை நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

என் அக்காவை அரியலூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். அக்காவின் கணவரை நான் மாமா என்று அழைப்பேன். டிப்பர் லாரி ஓட்டியவர். சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து சுரங்கத்துக்கு. 2020 கடைசியில் வண்டி கவிழ்ந்து இடுப்பெலும்பு நொறுங்கியது. பிறகு முன் அறைக் கட்டில்தான் அவருக்கு எல்லாம். தலையணை வைத்தால் உட்கார முடியும், கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மகன் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன பழைய கேம் பெட்டியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. அதை அவர் பிடித்துக்கொண்டார்.

அவர் விளையாடியதைப் பார்க்க வேண்டும். பந்தயத்தில் எல்லா வண்டியும் பறக்கும், இவர் இடப்பக்கமாக ஒதுங்கி நிதானமாகப் போவார். வளைவில் வேகத்தைக் குறைப்பார். எப்போதும் கடைசி. “முந்துங்க மாமா” என்றால், “ஓவர்டேக் எடுக்க எடம் இல்ல மாப்ள. பின்னாடி லோடு இருக்குல்ல” என்பார். திரையில் ஓடுவது சிவப்பு நிறப் பந்தயக் கார். அதில் லோடு எதுவும் இல்லை.

அந்த அறையின் ஜன்னல் ரோட்டைப் பார்த்தது. அக்கா வீட்டைத் தாண்டித்தான் டிப்பர்கள் போகும். பழைய கூட்டாளிகள் கடக்கும்போது இரண்டு தடவை ஹாரன் அடிப்பார்கள். மாமா திரும்பாமலே கையைத் தூக்குவார். சத்தத்தை வைத்து எந்த வண்டி, யார் ஓட்டுகிறார், லோடா காலியா என்று சொல்வார். மழை பெய்தால் மட்டும்தான் அந்த ஜன்னலைச் சாத்துவார்கள்.

பெட்டி சூடாகி நிற்கத் தொடங்கியது 2021இல். நான்தான் பெரம்பலூருக்குக் கொண்டுவந்து இவரிடம் கொடுத்தேன். சரிசெய்து, பொட்டலத்தோடு தந்தார். சில மாதங்களில் மறுபடி சூடு, மறுபடி பொட்டலம். மூன்றாம் முறை கொடுக்கும்போது, “சார், இந்த ரூம்ல பொட்டி மட்டும்தான் இருக்கா, ஆளும் படுக்குறாங்களா?” என்று கேட்டார். சொன்னேன். உம் என்றார்.

2022 கத்திரி வெயிலில் பெட்டி அடியோடு நின்றுவிட்டது. இவர் மூடியைக் கழற்றியவர் தெருவைக் கடந்து என் மேசைக்கே வந்தார். கையில் பாளம். தகடுகளுக்கு நடுவே இருந்த இடைவெளிகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் இறுகிப்போயிருந்தன. தட்டினால் கல்லின் சத்தம்.

“சார், இதுல பூச்சு வேல பாத்தது யாரு?”

விசாரித்ததில், பார்த்தது மாமாதான். பெட்டி கொதித்தபோது துண்டை நனைத்து அதன் மேல் சுற்றிப் போட்டிருக்கிறார். காய்ந்தால் மறுபடி நனைத்து. கோடை முழுக்க. உள்ளே படிந்திருந்த தூசி ஈரம் குடித்துக் குடித்து இறுகிவிட்டது. இவர் கோணி ஊசியால் குத்திக் குத்தி எடுத்தார். தகடுகளில் சில உடைந்தன. இந்த முறை பொட்டலத்தை ஆட்டினால் கலகல என்றது. அதை அவர் என்னிடம் கொடுக்கவில்லை. “இத நான் நேர்ல குடுக்கணும். எப்ப போறீங்க?” என்றார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை இருவரும் அரியலூர் பஸ் ஏறினோம்.

“வாங்கம்மா, வாங்க” என்றார் மாமா. “பொட்டிக்கு டாக்டரு நீங்கதானா? ஒக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. ஜன்னல் கட்டையில் விரலை ஓட்டினார். டிவியின் மேல் ஓட்டினார். பிறகு மாமாவின் தலையணை உறையில். விரலை உற்றுப் பார்த்துவிட்டு, “ஈரத்துண்டு போட்டது நீங்கதானே?” என்றார்.

“ஆமா. இருவது வருசம் வண்டி ஓட்டுனவன். ரேடியேட்டர் கொதிச்சா ஈரச் சாக்கு போடுவோம். இதுவும் கொதிச்சுது, போட்டேன். தப்பா?”

அவர் பொட்டலத்தைப் பிரித்துப் போர்வையின் மேல் கொட்டினார். மாமா ஒரு கட்டியை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டினார். “அட, ஜல்லி மாதிரில்ல இருக்கு. இன்னும் கொஞ்சம் சேத்தா வூடு கட்டலாம்மா.”

“கட்டிக்கிட்டுத்தான் இருக்கீங்க. நெஞ்சுக்குள்ள.”

அக்கா அடுப்படி வாசலில் நின்றுவிட்டாள். மாமா சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. அந்த இருமல் எங்களுக்குப் பழகியிருந்தது. முடியும்வரை அவர் காத்திருந்தார்.

“உங்க பொட்டிக்கு சூடு ஏறுனா தானா நின்னுக்கும். நமக்கு அப்படி வைக்கலைங்க. அந்த ஜன்னலச் சாத்துங்க. இல்ல, பின்னாடி ரூமுக்குப் போங்க.”

“நானும் ரெண்டு வருசமா சொல்றேன், காதுல வாங்குறாரா” என்றாள் அக்கா.

அந்த நேரம் ஒரு டிப்பர் வந்தது. இரண்டு ஹாரன், “அண்ணே” என்று ஒரு குரல். மாமா கையைத் தூக்கினார். வண்டி போனதும் மெல்லிய வெள்ளைத் தூசிப் படலம் ஒன்று அறைக்குள் வந்து இறங்கியது. வெயில்கீற்றில் பார்த்தால்தான் தெரியும்.

“கிளட்ச்ல சத்தம் வருது பாருங்க, சொன்னா கேக்க மாட்டான்” என்றார் மாமா. “ஜன்னலச் சாத்துனா இது எனக்கு எப்படிம்மா தெரியும்?”

“ஹாரன் செவுத்தத் தாண்டிக் கேக்கும்.”

“எனக்குக் கேக்கும். நான் இங்க இருக்கேன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?”

  அவர் அக்காவிடம் ஒரு பழைய நூல் சேலை கேட்டு வாங்கினார். நனைத்து, ஜன்னல் கம்பிகளில் இழுத்துக் கட்டி, தலைப்பை ஒரு வாளித் தண்ணீரில் தொங்கவிட்டார். ஈரம் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். “துண்டு போட வேண்டிய எடம் இதுதாங்க. காத்து வரும், வெளிச்சம் வரும்.” மாமா தடுக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நான் கேட்காமலே பேசினார். அவருடைய கணவர் லோடுமேன். மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை, அதே அரியலூரில். இருமி இருமியே போனார். “பீடி தொட்டதில்ல சார். ஆஸ்பத்திரியில பீடி குடிப்பீங்களான்னு கேட்டாங்க. இல்லன்னாரு. அப்பறமும் பீடின்னே எழுதுனாங்க. எக்ஸ்ரே படத்த வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு கவர்ல போட்டுட்டாங்க. உள்ள என்ன இருந்துச்சுன்னு யாரும் எங்கையில குடுக்கல.” பஸ் தாமரைக்குளம் தாண்டியதும், “அதுக்காகத்தான் பொட்டலம் கட்டுறேன்னு நெனச்சுக்காதீங்க. எங்க மில்லுல தவிடு எப்பவும் நெல்லு கொண்டாந்தவங்களுக்குத்தான்” என்றார். 

ஆடிக் காற்று முடிந்து நான் போனபோது அக்கா அந்தச் சேலையைத் துவைக்கக் கழற்றியிருந்தாள். அது மடியவில்லை. சுவரில் சாய்த்து வைத்தாள், கதவு மாதிரி நின்றது. 

இங்கே ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். அக்கா வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. அண்டாவின் அடியில் வெள்ளையாகப் பாறை கட்டும். துண்டிலும் சேலையிலும் இறுகியது காற்றில் வந்ததா, அந்தத் தண்ணீரில் இருந்ததா? இதை நான் இவரிடம் சொன்னபோது கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு பாட்டில் அந்தத் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னார். தன் கடையில் ஒரு துணியை அதில் நனைத்து நனைத்துக் காயப்போட்டார். “கொஞ்சம் மொடமொடங்குது. ஆனா நிக்கல சார்” என்றார். அவர் சில தடவைகள் நனைத்தார், அங்கே பல மாதங்கள் நனைந்தது. ஆகவே அந்தச் சோதனையால் எதுவும் தீரவில்லை. அது அவருக்கும் தெரியும். “தண்ணியோ காத்தோ, ரூமு அதேதான்” என்று மட்டும் சொன்னார்.

புதுச் சேலை கட்டினார்கள். மாமாவின் இருமல் குறைந்தது என்று அக்கா சொன்னாள். பெட்டியும் சூடாகாமல் ஓடியது. இது போதும் என்று நான் அப்போது உண்மையாகவே நம்பினேன்.

அந்த ஆண்டு ஆயுத பூஜை வந்தது. வழக்கமாக அன்று டிப்பர்களுக்கு மாலை போட்டு, சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி வருவார்கள். முந்தைய ஆண்டு அக்கா வீட்டு வாசலில் நிறுத்திப் பொரி கடலை கொடுத்துவிட்டுப் போனார்கள். ஜன்னல் வழியாக மாமாவின் நெற்றியில் சந்தனமும் வைத்தார்கள். அன்று காலையிலிருந்து வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒன்றும் நிற்கவில்லை. ஹாரனும் இல்லை. யோசித்துப் பார்த்தால் அதற்கு முன்பே பல வாரங்களாகக் குறைந்துகொண்டுதான் வந்திருந்தது. மூடிய ஜன்னலைப் பார்த்து, குடும்பத்தோடு மகனிடம் கோயம்புத்தூர் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்களாம். இது பின்னால் தெரிந்தது. மாமா அன்று சட்டை மாற்றி, தலைவாரி உட்கார்ந்திருந்தார். மதியச் சோற்றைத் தொடவில்லை. சாயங்காலம் கட்டிலில் இருந்தபடியே, பக்கத்தில் கிடந்த ஊன்றுகோலால் சேலையைக் கிழித்து இறக்கினார். “நான் செத்துட்டேன்னு நெனச்சுட்டானுங்கடி” என்று அக்காவிடம் சொன்னார்.

அதன் பிறகு சேலை கட்ட விடவில்லை. ஹாரன் திரும்ப வந்தது.

இவரிடம் போய்ச் சொன்னேன். கையில் பிரஷ் இருந்தது. “மறுபடி அடிக்கிறாங்களா?”

“அடிக்கிறாங்க.”

“அப்ப அவரு முடிவு பண்ணிட்டாரு” என்று சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் முதுகைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

தை கடைசியில் பெட்டி மறுபடி நின்றது. கொண்டுவந்து கொடுத்தேன். அது கடையில் இருக்கும்போதே, மாசியில், மாமா இறந்தார். கடைசி நாட்களில் மூச்சுக்குத் தவித்தார். சான்றிதழில் இதயச் செயலிழப்பு என்று இருக்கிறது. அதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

கருமாதியன்று பந்தலில் ஆட்கள் கலைந்துகொண்டிருந்தபோது அவர் வந்தார். அதே முழுக்கைச் சட்டை. துணிப்பையில் கேம் பெட்டி. அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

“பொட்டி ஓடுதும்மா” என்றார்.

“ஓட்ட ஆளில்லியே.”

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். அதன் மேல் பொட்டலத்தை வைத்தார். அக்கா அதைப் பார்த்தாள்.

“இத எடுத்துட்டுப் போயிடுங்க.”

“எங்கிட்ட இருக்கக் கூடாதும்மா. இது உங்களுது.”

“எங்களுதா?” அக்கா குரலை உயர்த்தவில்லை. “இத நாங்களா கொண்டாந்தோம்? நாங்களா அரைச்சோம்? எங்க வூட்டுல வந்து வுழுந்தா எங்களுதாயிடுமா?”

 அவரைத் திட்டியவர்கள் உண்டு, சிரித்தவர்கள் உண்டு, துடைப்பக் குச்சியோடு வந்தவர் உண்டு. இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. நெல் கொண்டுவந்தவருக்குத் தவிடு என்றால், இங்கே நெல் யாருடையது? அவர் பொட்டலத்தை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். பந்தலுக்கு வெளியே வந்ததும் என்னிடம் கேட்டார்.

“சார், அப்ப இது யாருக்குச் சேரணும்?”

எனக்குத் தெரியவில்லை என்றேன். என் கையில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அதற்குப் பிறகும் கடை சில மாதங்கள் நடந்தது. பொட்டலம் கொடுப்பதை நிறுத்திவிட்டார். ஆனால் எறியவும் இல்லை. கட்டிக் கட்டி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டிருந்தார். “என்னம்மா, சேத்து வைக்கிறீங்க?” என்று எங்கள் டெக்னீஷியன் கேட்டதற்கு, “எல்லாம் ஒரே எடத்துலேருந்து வந்ததில்லப்பா. பிரிக்கணும்” என்றாராம். ஒரு நாள் படிக்கட்டுக்கு அடியில் பூட்டு தொங்கியது. ஆண்டிமடத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஆண்டிமடத்தில் விசாரித்தேன். அந்த அம்மா வந்தார், இருமலாக இருந்தார், பிறகு மகளோடும் இல்லை என்றார் ஒருவர். மகளை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பொட்டலம் என்னிடம் இருக்கிறது. எங்கள் கூடத்தில் ரத்தம் பார்ப்போம், சளி பார்ப்போம், தூசி பார்க்க வசதியில்லை. நான் அதைப் பிரிக்கவும் இல்லை. அக்காவைப் பின் அறையில் படுக்கச் சொல்லி, அவள் மகனும் நானும் முன் ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டோம். ஹாரன் கேட்டால் எழுந்து போய், கண்ணாடியைத் திறந்து கையைத் தூக்கிவிட்டு வந்து மூடுகிறாள்.

இந்தத் தை மாதம் அப்படிக் கையைத் தூக்கியபோது ஒரு டிரைவர் வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார். கிளட்ச் சத்தத்தோடு வண்டி ஓட்டியவர்தான். நானும் அங்கே இருந்தேன். முந்தைய மழைக்காலத்தில், லோடு இறக்கிவிட்டு ஓர் ஆலையின் வாசலைத் தாண்டும்போது, சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்ட ஒரு பெண்ணைப் பார்த்தாராம், கருமாதிக்கு வந்தவர் போல இருந்ததாம். கையில் டின். வாட்ச்மேனிடம் தாள் பொட்டலம் ஒன்றை நீட்டிக்கொண்டு நின்றாராம்.

“வாங்கிக்கிட்டாரா?” என்று கேட்டேன்.

“வண்டி நகந்துருச்சு சார். நீட்டுன கையத்தான் பாத்தேன்.”

எந்த ஆலை, என்ன தேதி என்று கேட்டேன். அவருக்கு இரண்டும் நிச்சயமில்லை. அந்தப் பெண் இவர்தானா என்பதும், பொட்டலத்தை யாராவது வாங்கிக்கொண்டார்களா என்பதும் இதை எழுதும்வரை உறுதி செய்யப்படவில்லை.